மலிவு இஞ்சின் வாங்குமுன்: மிதிவண்டியில் இஞ்சின் பூட்டுவோருக்கு ஒரு பாடம்



பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மேட்டிலும் பள்ளத்திலும் மிதித்துச் சென்று வெட்டு நிரையை அடைய வேண்டும். பால் எடுத்து முடித்துத் திரும்பும்பொழுது கால்கள் சோர்ந்துவிடுகின்றன. இந்நிலையில், பழைய மிதிவண்டியிலேயே பூட்டிக்கொள்ளத்தக்க சிறிய இஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால், யாருக்குத்தான் ஆசை எழாது? நாம் பணி நிமித்தம் செல்லும் தோட்டங்களில் இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. “சார், அந்த இஞ்சினை வாங்கலாமா?” என்பதே அக்கேள்வி.

“வாங்கு” என்றோ “வாங்காதே” என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால், பொருளைப் பற்றி அறியாமல் பெறும் அறிவுரை அடுத்த நாளே மறந்துவிடும். ஆகவே அந்த இஞ்சின் எத்தகையது, வாங்கும்பொழுது எதனைப் பார்க்க வேண்டும், பழுதானால் எப்படிச் சீர் செய்வது, எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

பாடத்தைத் தொடங்குமுன் ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் நலம். ஒரு தோட்டத்தில் பால்வெட்டும் இளைஞர் ஒருவர், தாம் சேர்த்த பணத்தைக் கொண்டு இத்தகைய இஞ்சின் ஒன்றினை வாங்கினார். கையில் கிடைத்த ஸ்பேனரைக் கொண்டு தாமே பூட்டினார். இஞ்சின் முதல் முறையிலேயே ஓடிற்று. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பின்னால் ஓடிக் கைதட்டினர். இரண்டாம் நாள் மாலை, கோயிலுக்குச் செல்லும் இறக்கத்தில், சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் சிறு உருளை தளர்ந்து உட்புறமாகத் திரும்பி, பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொண்டது. சக்கரம் அக்கணமே நின்றது. இளைஞர் தூக்கி எறியப்பட்டார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கையே முதல். ஏழு வாரம் அவரால் உளியைப் பிடிக்க இயலவில்லை. அந்த ஏழு வாரமும் அவருடைய தாயார் தம் வேலையை முடித்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் கட்டிப்பால் பொறுக்கச் சென்றார். நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றபொழுது, முறிந்த ஆரக்கம்பிகளோடு வண்டி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. “இஞ்சின் நல்லாத்தான் ஓடுச்சு சார், ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியல” என்றார் அந்த இளைஞர். அவர் கூறியது உண்மையே. இஞ்சினில் பழுதில்லை. இஞ்சினைத் தாங்கிய வண்டியிலும், பூட்டிய முறையிலுமே பழுது இருந்தது.

இஞ்சின் பூட்டிய மிதிவண்டியின் வரலாறு

மிதிவண்டியில் இஞ்சின் பூட்டும் எண்ணம் புதியதன்று. 1946ஆம் ஆண்டில், போரினால் சீர்குலைந்திருந்த ஜப்பான் நாட்டின் ஹமாமத்சு நகரில், ஹோண்டா சோயிச்சிரோ என்பவர் இராணுவக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு இஞ்சின்களைக் கண்டார். அவற்றை மிதிவண்டியில் பூட்டி விற்கத் தொடங்கினார். முதலில் செய்து பார்த்த வண்டிக்கு, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்ப் புட்டியே பெட்ரோல் டாங்காக அமைந்தது என்பர். 1952இல் அவருடைய நிறுவனம் ‘கப்’ என்னும் பெயரில், மிதிவண்டியில் பூட்டத்தக்க இஞ்சினை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

அதே நிறுவனம் 1958இல் ‘சூப்பர் கப்’ என்னும் முழு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. நம் நாட்டில் ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் வண்டி அவ்வழியில் வந்ததே. இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. மிதிவண்டி, மனிதனின் கால்வலுவுக்காகச் செய்யப்பட்டது. கப்சாயோ, தொடக்கத்திலிருந்தே இஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. அதன் சட்டம், சக்கரம், பிரேக், விளக்கு ஆகிய யாவும் இஞ்சினின் வேகத்துக்கு ஏற்றவை. மிதிவண்டியில் இஞ்சினைப் பூட்டும்பொழுது, அந்த வேற்றுமையை ஈடு செய்யும் பொறுப்பு பூட்டுபவர் மேல் விழுகிறது.

தொகுதியில் என்ன இருக்கிறது?

இன்று மலிவாக விற்கப்படும் இஞ்சின் தொகுதிகளுட் பெரும்பாலானவை சீனாவில் செய்யப்படுபவை. ஒரு பெட்டிக்குள் இரண்டடி இஞ்சின், கார்புரேட்டர், சிறு பெட்ரோல் டாங்கு, புகைக்குழாய், சி.டி.ஐ. எனப்படும் தீப்பொறிப் பெட்டி, கிளட்ச் பிடி, முறுக்குப்பிடி, நிறுத்தும் பொத்தான், பின்சக்கரத்தில் பூட்டும் பல்சக்கரம், தடித்த சங்கிலி, அதனை இறுக்கும் உருளை, போல்ட்டுகள் ஆகியவை இருக்கும். விளக்கு இராது. பிரேக்கும் இராது. இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பெட்டியின் மேல் ‘80 சி.சி.’ என்று அச்சிடப்பட்டிருக்கலாம். அதனை அப்படியே நம்பிவிடலாகாது. பள்ளியிற் கற்ற கணக்கைக் கொண்டு நாமே சரிபார்க்கலாம். இவ்வகை இஞ்சினின் சிலிண்டர் குறுக்களவு பொதுவாக 47 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 38 மில்லிமீட்டர். குறுக்களவிற் பாதி 2.35 சென்டிமீட்டர். அதனை அதனாலேயே பெருக்கி, 3.14ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 17.34 வரும். அதனை 3.8ஆற் பெருக்கினால் 65.9. ஆகவே அந்த இஞ்சின் 66 சி.சி.யே அன்றி 80 சி.சி. அன்று. பிஸ்டன் 40 மில்லிமீட்டர் செல்லும் வகையும் 70 சி.சி.யை எட்டுவதில்லை. இதனால் இஞ்சின் பயனற்றது என்று பொருளாகாது. பெட்டியின் மேலுள்ள எழுத்தைவிட நம் கையிலுள்ள அளவுகோலே நம்பத்தக்கது என்பதே பொருள்.

உண்மை விலை யாது?

மலிவு என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை மட்டுமன்று. கணக்குப் பாடத்துக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை கடை விலைகள் அல்ல. உங்கள் ஊரில் விசாரித்து உண்மை எண்களை இட்டுக்கொள்ளுங்கள். இஞ்சின் தொகுதி 450 வெள்ளி. புதிய பிரேக் கட்டைகள், டயர், டியூப் 100 வெள்ளி. நல்ல போல்ட்டுகள், பிளக், பெட்ரோல் குழாய் 50 வெள்ளி. முதலாண்டுப் பழுதுச் செலவு 120 வெள்ளி. ஆக மொத்தம் 720 வெள்ளி. இஞ்சின் ஓராண்டு உழைத்தால் மாதத்துக்கு 60 வெள்ளி. ஆறு மாதத்தில் கெட்டுவிட்டால் மாதத்துக்கு 120 வெள்ளி. பெட்ரோலும் எண்ணெயும் இக்கணக்கிற் சேரவில்லை.

இத்தொகையை, பதிவும் காப்புறுதியும் உள்ள ஒரு பழைய கப்சாயின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ளோரும் உடனிருந்து இக்கணக்கைப் போடுதல் நன்று. சில குடும்பங்களுக்கு இஞ்சின் தொகுதி ஏற்றதாக இருக்கும். வேறு சில குடும்பங்களுக்கோ சற்றுப் பொறுத்துப் பணம் சேர்த்துக் கப்சாய் வாங்குவதே சிக்கனமாக முடியும்.

சட்டம் கூறுவது

வாங்குவதற்கு முன் அறிய வேண்டிய மற்றொன்று சட்டம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்துக்குப் பதிவும் காப்புறுதியும் வேண்டும். ஓட்டுநருக்கு உரிமம் வேண்டும். மேலும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிகள், மிதிகட்டையும் இஞ்சினும் ஒருங்கே கொண்ட மோப்பெட் முதலிய சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்துள்ளன. ஆகவே, இஞ்சின் பூட்டிய மிதிவண்டியைப் பட்டணத்துக்கோ, பக்கத்துக் கம்பத்துக்கோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவோ பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது.

இது ஏழைகளை வருத்துவதற்கான விதி என்று சிலர் எண்ணக்கூடும். பொதுச் சாலையில் லாரியும் பேருந்தும் செல்லும் வேகத்துக்கு முன், மிதிவண்டியின் சட்டம் எம்மட்டும் தாங்கும் என்று சிந்திக்க வேண்டும். காப்புறுதியற்ற வண்டி ஒருவர்மேல் மோதிவிட்டால், ஓட்டியவர் சார்பில் ஈடு கொடுக்க அவருக்கென்று காப்புறுதி எதுவும் இராது. அந்தக் கடன் ஓட்டியவரின் தலையிலேயே விழும்.

ஆகவே, தோட்ட நிருவாகத்திடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்று, தோட்டத்தின் சொந்த உட்சாலையில் மட்டும் பயன்படுத்த எண்ணுவோருக்கே இனிவரும் பகுதிகள் உரியன. பொதுச் சாலையில் செல்ல வேண்டிய தேவை உள்ளவர்கள் இஞ்சின் தொகுதிக்குப் பணம் செலவிட வேண்டா.

வாங்கும்பொழுது பார்க்க வேண்டியவை

பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பல்சக்கரத்தைக் கையாற் சுழற்றினால், இஞ்சின் இடறலின்றிச் சீராகச் சுழல வேண்டும். சுரசுரவென்ற ஒலி கேட்டாலோ, ஓரிடத்தில் பிடித்துக்கொண்டாலோ வாங்கலாகாது. போல்ட்டுகள் ஒவ்வொன்றிலும் மரையைக் கையாலேயே திருகிப் பாருங்கள். பின்சக்கரப் பல்சக்கரத்தைச் சமமான கண்ணாடியின் மேல் வைத்தால் அது ஆடக் கூடாது. பெட்ரோல் டாங்கின் உள்ளே விளக்கடித்துத் துருவோ இரும்புத் தூளோ உண்டா என்று காண வேண்டும். இதே வகை இஞ்சினுக்குரிய கேஸ்கட், கிளட்ச் கட்டைகள், சங்கிலி ஆகியவை தனித்தனியே கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். உதிரிப் பொருள் கிடைக்காத இஞ்சின், முதற் பழுதோடு இரும்புக் கடைக்குப் போகும்.

பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், குறையுள்ள பொருளை விற்றவர்மீது பயனீட்டாளர் வழக்குக் கொண்டுவரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு, தாம் வாங்கியதை மெய்ப்பிப்பதே முதற் சங்கடமாகிவிடும்.

முதலில் பிரேக், பின்னர் இஞ்சின்

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி பிரேக் பிடித்தபின் நிற்க ஒரு பங்கு தொலைவு தேவையென்றால், 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு பங்கும், 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது பங்கும் தேவைப்படும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. பழைய மிதிவண்டிகளின் பளபளப்பான இரும்பு ரிம், மழையில் நனைந்தால் பிரேக் கட்டைக்குப் பிடி கொடுப்பதில்லை. நம் தோட்டங்களிலோ மழைக்குப் பஞ்சமில்லை.

ஆகவே இஞ்சினைப் பூட்டுமுன், முன்னும் பின்னும் இரண்டு பிரேக்குகளும் நன்கு வேலை செய்ய வேண்டும். கட்டைகள் புதியனவாகவும், கம்பிகள் அறுபடாதனவாகவும் இருத்தல் வேண்டும். வண்டியின் சட்டத்திலும் முன்கவையிலும் பற்றுவைத்த இடங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்புள்ள சட்டத்தில் இஞ்சின் பூட்டவே கூடாது. இரும்பு ரிம் கொண்ட வண்டியை மழை நாளில் இஞ்சினில் ஓட்டாமல் மிதித்தே செல்லுங்கள்.

பூட்டும் முறை

26 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்பொழுது, இவ்வகை இஞ்சின் நிமிடத்துக்கு 4,300 தடவைக்கு மேல் சுழல்கிறது. அத்தனை முறையும் வண்டி நடுங்குகிறது. ஆகவே இறுக்கிய மரை தானே தளரும். தொகுதியோடு வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் மெதுவான இரும்பாலானவை. அவற்றுக்குப் பதிலாக, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகளை இரும்புச் சாமான் கடையில் வாங்கிப் பூட்டுதல் நன்று. இறுக்கிய பின், மரையின் மேலிருந்து அடிப்பாகம் வரை வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மரை சிறிது திரும்பினாலும் கோடு முறிந்து காணப்படும். காலையில் வண்டியை எடுக்குமுன் அக்கோடுகளை ஒரு பார்வை பார்த்தாற் போதும்.

பின்சக்கரப் பல்சக்கரம் ஒன்பது போல்ட்டுகளால் ஆரக்கம்பிகளோடு பிணைக்கப்படுவது. அவற்றை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பின்னர், சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சுண்ணாம்புக் கட்டியை அசையாமல் பல்சக்கரத்தின் அருகே பிடியுங்கள். ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு பட்டால் அப்பக்கம் வெளியே தள்ளியிருக்கிறது என்று அறியலாம். சுற்றிலும் ஒரே அளவாகப் படும்வரை திருத்திக்கொள்க.

இனி, அந்த இளைஞரை வீழ்த்திய உருளைக்கு வருவோம். சங்கிலியை இறுக்கும் உருளை, பின்கவைக் குழாயின்மேல் ஒரு பிடியால் கவ்வப்படுகிறது. உருண்டையான குழாயின்மேல் கவ்விய பிடி, நடுக்கத்தாலும் சங்கிலியின் இழுப்பாலும் மெல்லத் திரும்பும். அதற்கும் ஆரக்கம்பிக்கும் இடையே விரற்கடை தூரமே உண்டு. திரும்பிய உருளை கம்பிக்குள் புகுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதற்குச் சிறந்த வழி, சங்கிலியின் கண்ணிகளைக் கழித்து, பின்சக்கரத்தை வேண்டிய அளவுக்குப் பின்னே இழுத்துப் பூட்டி, உருளையே இல்லாமல் செய்வதாகும். அது இயலாதபொழுது, பிடியிலிருந்து வண்டிச் சட்டத்துக்கு ஓர் இரும்புத் தகட்டைத் தனி போல்ட்டினால் இணைத்து, பிடி திரும்ப இயலாதவாறு செய்ய வேண்டும். சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குல அளவு அசைவு இருத்தல் போதுமானது.

பெட்ரோலும் எண்ணெயும்

இரண்டடி இஞ்சினுக்குத் தனி எண்ணெய்ப் பெட்டி இல்லை. பெட்ரோல் ஆவி முதலில் இஞ்சினின் அடிப்பாகத்துக்குள் நுழைந்து, பின்னரே மேலே சென்று எரிகிறது. அது போகும் வழியிலேயே உள்ளுறுப்புகளுக்கு எண்ணெய் பூச வேண்டும். ஆகையால் பெட்ரோலில் டூ-டி எண்ணெய் கலக்கப்படுகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். புதிய இஞ்சின் அன்றே கெட்டுவிடும்.

எண்ணெய் அளவைத் தொகுதியோடு வரும் தாள் கூறும். தொடக்கத்தில் 16க்கு 1 என்று அத்தாளில் இருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 62.5 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். பின்னர் 25க்கு 1 என்று இருந்தால் 40 மில்லிலிட்டர் போதும். கண்ணளவில் ஊற்றாமல், அளவுக் கோடிட்ட பழைய பாற்புட்டி ஒன்றினை இதற்கென்றே ஒதுக்கிக்கொள்ளுங்கள். அப்புட்டியை மீண்டும் குழந்தைக்கோ சமையலுக்கோ பயன்படுத்தலாகாது. பெட்ரோலை அடுப்புள்ள அறையிலும், சாமி விளக்கு எரியும் இடத்திலும் வைக்க வேண்டா. இஞ்சின் சூடாக இருக்கும்பொழுது டாங்கை நிரப்பாதீர். அடைத்த அறைக்குள் இஞ்சினை ஓடவிடுதலும் ஆகாது. அதன் புகையில் மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு கலந்துள்ளது.

பழுதும் தீர்வும்

இஞ்சின் கிளம்பவில்லையா? உடனே எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர். பெட்ரோல், தீப்பொறி, காற்று என்னும் மூன்றையும் இவ்வரிசையிலேயே சோதியுங்கள்.

முதலாவது பெட்ரோல். டாங்கின் குழாய் திறந்துள்ளதா, கார்புரேட்டர் வரை பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். சிறிது தூரம் ஓடி, பின்னர் நின்றுவிடும் இஞ்சினுக்கு, டாங்கு மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை அடைபட்டிருத்தல் ஒரு காரணம். மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் உண்மை புலப்படும். டாங்கின் துருத் தூள் கார்புரேட்டரை அடைக்காதிருக்க, இடையில் ஒரு வடிகட்டி பொருத்துதல் நல்லது.

இரண்டாவது தீப்பொறி. டாங்கின் குழாயை மூடிவிட்டு, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியோடு இணைத்து, உலோகப் பகுதி இஞ்சினில் படுமாறு, பிளக் துளைக்குச் சற்று எட்டத்தில் வையுங்கள். பின்சக்கரத்தை உயர்த்திச் சுழற்றினால் நிழலில் நீலப் பொறி தெரிய வேண்டும். தெரியாவிடில், நிறுத்தும் பொத்தானின் கம்பிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். பொறி வந்தால் பழுது பொத்தானில்தான். அப்படியும் வரவில்லையென்றால், மேக்னெட்டோவிலிருந்து வரும் நீலக் கம்பி நீலத்தோடும், கறுப்புக் கம்பி கறுப்போடும் சரியாக இணைந்துள்ளனவா என்றும், பிளக் தொப்பி உறுதியாக உள்ளதா என்றும் காண்க. வெள்ளைக் கம்பி ஒன்று இருந்தால் அதில் விளக்கைப் பூட்ட வேண்டா. தீப்பொறி வலுவிழக்கும். இருட்டில் செல்வோர் மின்கலத்தால் எரியும் தனி விளக்கையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது காற்று. முறுக்குப்பிடியை விட்ட பின்னும் இஞ்சின் தானே இரைந்து ஓடினால், முதலில் அதன் கம்பி எங்கேனும் சிக்கியுள்ளதா என்று பாருங்கள். கம்பி சரியாக இருந்தால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே எங்கோ காற்றுக் கசிகிறது என்று ஐயுறலாம். இஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது அந்த இணைப்புகளில் சிறிது சவர்க்கார நீரைத் தடவினால், கசிவுள்ள இடத்தில் ஒலி மாறும். கேஸ்கட்டை மாற்றி இறுக்க வேண்டும்.

பிளக்கின் முனை நமக்கு மருத்துவர் பார்க்கும் நாக்கினைப் போன்றது. பழுப்பு நிறமாயிருந்தால் நலம். கறுத்து எண்ணெய் படிந்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்றுக் கசிவு உள்ளது. அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் இஞ்சின் சூடேறிக் கெடும்.

புதிய இஞ்சினை முதல் சில நாள்களுக்கு முழு வேகத்தில் விரட்டாதீர். முதல் நாள் ஓட்டத்துக்குப் பின், இஞ்சின் நன்கு ஆறியதும், சிலிண்டர் தலையின் மரைகளை எதிரெதிராக மாற்றிச் சரிபார்க்க வேண்டும்.

தோட்டத்தில் ஓட்டும்பொழுது

பால் வாளிகளைக் கைப்பிடியின் இரு பக்கமும் தொங்கவிட்டு இஞ்சினில் செல்லலாகாது. திருப்பத்தில் வாளி ஆடினால் வண்டியைக் கட்டுப்படுத்த இயலாது. பின்னால் எவரையும், குறிப்பாகக் குழந்தைகளை, ஏற்ற வேண்டா. தலைக்கவசம் அணியுங்கள். புகைக்குழாய் கணுக்காலுக்கு அருகில் இருப்பதால் நீண்ட காற்சட்டையும் சப்பாத்தும் தேவை. லயத்தருகே வந்ததும் இஞ்சினை நிறுத்தி மிதித்தே வீடு சேருங்கள். விளையாடும் பிள்ளைகளுக்கும், உறங்குவோருக்கும் அது நாம் காட்டும் மரியாதை.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. பெட்டியின் விலையை மட்டுமன்றி ஓராண்டுச் செலவையும் கணக்கிடுக.
2. பொதுச் சாலையில் ஓட்டுதல் கூடாது. தோட்டத்துக்குள் ஓட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும்.
3. பிரேக்கும் சட்டமும் சரியான பின்னரே இஞ்சினைத் தொடுக.
4. சங்கிலி உருளையை நீக்குக. இயலாவிடில் அது திரும்பாதவாறு பிணைத்து வைக்க.
5. எண்ணெயை அளந்து ஊற்றுக. மரைக் கோடுகளை நாள்தோறும் பார்க்க.

பயிற்சி: ஒரு டாங்கில் 2 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். 25க்கு 1 என்ற அளவில் எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய் தேவை? சிலிண்டரின் குறுக்களவு 40 மில்லிமீட்டரும், பிஸ்டன் செல்லும் தொலைவு 38 மில்லிமீட்டரும் ஆனால் அது எத்தனை சி.சி. இஞ்சின்? (விடை: 80 மில்லிலிட்டர், ஏறத்தாழ 48 சி.சி.)

இறுதியாக, அந்த இளைஞரைப் பற்றி ஒரு சொல். கை குணமான பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் நாமும் அமர்ந்து, வண்டியை முழுதும் கழற்றினோம். இஞ்சினை ஒரு புறம் வைத்துவிட்டு, முதலில் இரண்டு பிரேக்குகளையும் மாற்றினார். முறிந்த ஆரக்கம்பிகளுக்குப் புதியவை கோத்தார். சங்கிலியில் இரண்டு கண்ணிகளைக் கழித்து, உருளை இல்லாமலே பூட்டினார். மாலையில் எல்லாம் முடிந்ததும் அவருடைய தாயார் வந்து, வண்டியைத் தள்ளிப் பார்த்து, பிரேக்கை இரு முறை அழுத்தினார். “இப்ப நிக்குது, ஐயா” என்றார். அதன் பின்னரே அவர் மகனிடம் டாங்கில் பெட்ரோல் ஊற்றச் சொன்னார். இஞ்சின் வாங்க எண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஒழுங்கு பின்பற்றப்பட வேண்டும் என்பதே நம் விருப்பம்.